ஏணையும் தறியும்

ஆரணி என் தமக்கை வாழ்க்கைப்பட்ட ஊர். சென்ற தை மாதம் அங்கே போயிருந்தேன். பத்திரிகையில் வேலை பார்க்கும் என் சிநேகிதி ஒருத்தியும் பட்டு நெசவாளர்களைப் பற்றிக் கட்டுரை எழுத வந்து எங்களோடு தங்கியிருந்தாள். இரண்டு மூன்று புத்தகங்கள் எழுதியவள். ஆறு வயதுப் பெண்ணுக்குத் தாய்.

விளக்கு வைத்த நேரம். திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். தெருவில் தறிச் சத்தம் ஓயவில்லை. அவள் அப்போதுதான் சென்னையிலுள்ள தன் வீட்டோடு பேசி முடித்திருந்தாள். குழந்தைக்கு ஜுரம். மாமியார் குறையாக ஒன்றும் சொல்லவில்லையாம். "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீ உன் வேலையைப் பார்" என்றாராம்.

"'உன் வேலை' என்றாரே, அதுதான் உறுத்துகிறது" என்றாள் சிநேகிதி. "சம்பளத்துக்காகப் போகிறேன் என்றால் எல்லாரும் மன்னித்துவிடுகிறார்கள். எழுதப் பிடித்திருக்கிறது, அதனால் போகிறேன் என்றால் ஒருவரும் மன்னிப்பதில்லை. நானே மன்னிப்பதில்லை."

எனக்குச் சுருக்கென்றது. என் பையன் சிறுவனாக இருந்தபோது, நான் எழுதும் அறைக் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு ஒரு நாள் வாசற்படியிலேயே தூங்கிப்போய்விட்டான். அன்று எழுதிய அத்தியாயம் நன்றாக அமைந்தது. அதை நினைத்து இன்றும் என்னால் முழுக்கச் சந்தோஷப்பட முடியவில்லை. முழுக்க வருத்தப்படவும் முடியவில்லை.

அவளைத் தேற்றுவதற்காக வை. மு. கோதைநாயகி அம்மாளைப் பற்றிச் சொன்னேன். எழுதத் தெரியாத காலத்தில் வாயால் சொல்லித் தோழியை எழுதச் செய்தவர், 1925 முதல் 'ஜகன்மோகினி'யை நடத்தியவர், 115 நாவல்களின் ஆசிரியை, சிறைக்கும் போனவர், ஒரு மகனுக்குத் தாய்.

"சரி, வீட்டையும் கவனித்துக்கொண்டே எழுதினார் என்று அவரைப் புகழ்கிறோம். எந்த ஆண் எழுத்தாளரையாவது அப்படிப் புகழ்ந்தது உண்டா?" என்று கேட்டாள்.

நான் பேச்சை மாற்றி எதிர் வீட்டைக் காட்டினேன். அங்கே தறிக்குப் பக்கத்திலேயே ஏணை கட்டியிருந்தது. "அவளுக்கு உன் கஷ்டம் இல்லை. வேலையும் குழந்தையும் ஒரே கூரைக்குக் கீழே."

"அவளுக்கு வேறு கஷ்டம். 1961-ஆம் வருஷத்துச் சட்டம் பிள்ளை பெற்றவளுக்குச் சம்பளத்தோடு 12 வாரம் விடுப்புக் கொடுத்தது. 2017-ல் முதல் இரண்டு குழந்தைகளுக்கு அது 26 வாரமாயிற்று. அந்த விடுப்பை அனுபவித்தவள் நான். இவளுக்கு யார் விடுப்புக் கொடுப்பது? பட்டும் ஜரிகையும் வேறொருவர் தருகிறார். கூலி புடவைக் கணக்கு. தறி நின்றால் கூலியும் நின்றது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் அரசாங்கம் ஏழைத் தாய்மாருக்கு நிதியுதவி தருகிறது. நல்ல காரியம்தான். ஆனால் உதவி வேறு, விடுப்பு வேறு."

சற்றைக்கெல்லாம் அந்தப் பெண்ணே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "குழந்தையைப் பார்த்துக்கொண்டே நெய்வது உனக்குச் சௌகரியந்தானே?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். "எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க. நெய்றப்போ கொழந்தையைப் பாக்க முடியுமா? கண்ணு இழை மேலே இருக்கணும். அறுந்த இழையைக் கவனிக்காம விட்டா புடவையிலே தெரிஞ்சிடும், கூலியிலே பிடிச்சுக்குவாங்க. இது அழுதா ஏணையை ஒரு தரம் ஆட்டி விடுவேன். அழுகை நின்னாப் போதும்னு இருக்கும். ஏன் அழுவுதுன்னு பாக்க நேரமில்லே."

பிறகு, "அவரும் பக்கத்துத் தறியிலேதான் இருக்காரு. அவரை யாரும் இதைக் கேக்கிறதில்லே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நான் வெட்கப்பட்டேன். தாய் வீட்டில் இருந்தால் போதும், குழந்தைக்குக் குறையில்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வீட்டில் இருப்பது வேறு, குழந்தையோடு இருப்பது வேறு. எந்த வேலையானாலும் அது முழுக் கவனத்தைக் கேட்கிறது. அப்படிக் கவனம் கொடுப்பது குற்றமல்ல. அந்த நேரத்தில் ஏணைக்குப் பக்கத்தில் வேறு யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் கேள்வி. அதைத் தாயிடம் மட்டும் கேட்பது நியாயமில்லை.

சாப்பிட்ட பிறகு சிநேகிதி மறுபடி வீட்டோடு பேசினாள். இந்தத் தடவை கணவரிடம்.

"குழந்தைக்கு இப்போது ஜுரம் எவ்வளவு இருக்கிறது?"

அவர் சாயங்காலம் முதல் வீட்டில்தான் இருந்தாராம்.

"இரு, அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன்" என்றாராம்.