மண்ணுக்குள் தெரிவது காட்சியா, கருதலா?

அரியலூர் மாவட்டம் கங்கைகொண்ட சோழபுரம் அருகே மாளிகைமேட்டில், சோழர் அரண்மனையின் செங்கல் சுவர்கள் மண்ணுக்கடியில் கிடக்கின்றன. 2021-இல் தமிழகத் தொல்லியல் துறை அங்கே மீண்டும் அகழாய்வு தொடங்கியது. இப்படிப்பட்ட மேட்டில் தரை ஊடுருவும் ரேடாரை ஓட்டினால் கிடைப்பது எதிரொலி மட்டுமே.

அது 20 நானோ வினாடியில் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த மண் என்றால் சுவர் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் ஆழத்தில். நன்கு நனைந்த மண் என்றால் 60 சென்டிமீட்டரில். ஒரே எதிரொலி, பல விடைகள். விளைவிலிருந்து காரணத்தைத் தேடும் கணக்குகளின் தீராத சிக்கல் இது.

இந்த எதிரொலியைக் கொடுத்தால், ஆழ்கற்றல் வலையமைப்பு, பொருந்தும் விடைகளுள் தான் பயின்ற மாதிரிகளை ஒத்ததைத் தேர்ந்து படமாக்குகிறது. படம் தெளிவாக இருக்கும். ஆனால் அது எந்த வகை அறிவு?

காட்சி, கருதல், உரை என அளவைகளை, அதாவது அறியும் வழிகளை, பகுத்தது சைவ சித்தாந்தம். புகையைக் கண்டு நெருப்பை அறிவது கருதல். இரண்டுக்கும் விடாத தொடர்பு உண்டு. வலையமைப்புக்கோ தொடர்பு பயிற்சித் தரவோடு நின்றுவிடுகிறது. ஆகவே அந்தப் படத்தில் பாதி கருதல், பாதி பிறர் உரை என்றே கொள்ள வேண்டும். உரைத்தவர் யார், எந்த மண்ணைக் கண்டவர் என்று கேட்காமல் ஏற்பது அளவை ஆகாது.

எடுத்துக்காட்டாக, பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் இருக்கிறது. அதைப் போன்ற ஒன்று புதைந்து கிடந்தால், சுவர்களை மட்டுமே பயின்ற வலையமைப்பு அதையும் சுவராகவே வரைந்துவிடலாம்.