ஆட்காட்டியின் எல்லை

பெருமுக்கல் குன்றைத் தாண்டிக் கிழக்கே செல்லும் சாலை மரக்காணத்தை நெருங்கும்போது வயல்கள் மறைந்து உப்பளங்கள் தொடங்குகின்றன. பாத்தி பாத்தியாக உவர்நீர், வரப்போரம் குவித்துவைத்த வெண்ணிற அம்பாரங்கள், ஒதுங்க ஒரு மரமும் இல்லாத வெயில். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பது அறிஞர் பலரின் துணிபு. கடந்த கோடையில் ஒரு நண்பகல் வேளையில் அவ்வரப்புகளின் மேல் ஓர் இளைஞனைப் பின்தொடர்ந்து நடந்தேன். பெருமுக்கல்லைச் சேர்ந்தவன், உப்பளத் தொழிலாளியின் மகன். மரக்காணம், வானூர் வட்டங்களில் ஏறத்தாழ 5,150 ஹெக்டேர் பரப்புள்ள கழுவெளி 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன்பின் பறவை காண வருவோருக்கு வழிகாட்டும் தொழிலைக் கற்றுக்கொள்ள முனைந்தவர்களுள் அவனும் ஒருவன். "சாமி, நீங்க வாங்க. உங்களக் கூட்டிக்கிட்டுப் போய்ப் பழகிக்கிறேன்" என்று அழைத்திருந்தான். இங்கு நான் எழுதுவன யாவும் அவன் இசைவுடன் எழுதுவன.

ஒரு வரப்பின் திருப்பத்தில் ஆட்காட்டிப் பறவையொன்று எங்கள் தலைக்கு மேல் எழுந்து கூவத் தொடங்கியது. வட்டமிட்டது, தாழ்ந்தது, மீண்டும் எழுந்தது. சற்று முன்னே, வெறுந்தரையில், கூழாங்கற்களோடு கூழாங்கற்களாக நான்கு முட்டைகள் கிடந்தன. நான் குனிந்து நோக்கினேன். புள்ளியிட்ட அவ்வோட்டின் அழகில் மெய்ம்மறந்து, படைத்தவரைப் போற்றும் சொற்களைக்கூட மனத்தில் கோத்துக்கொண்டிருந்தேன். இளைஞன் என் அங்கியைப் பிடித்து இழுத்தான்.

"சாமி, வந்துருங்க. நாம நிக்கிற வரைக்கும் அது எறங்காது. முட்டை வெந்துரும்."

அது உருவகம் அன்று. கோடை நண்பகலில் உப்பளத் தரையின் வெம்மை கருவைக் கொல்லவல்லது. தாய்ப்பறவை முட்டைகளின் மேல் அமர்வது அவற்றுக்குச் சூடு தருவதற்காக மட்டுமன்று. அவ்வேளையில் நிழல் தருவதற்கும்தான். நீரில் இறங்கி வயிற்றுச் சிறகுகளை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளைக் குளிர்விப்பதும் உண்டு. நான் வியந்து நின்ற ஒவ்வொரு நிமிடமும் அந்நான்கு உயிர்களின் நிழலைப் பறித்த நிமிடம். ஆட்காட்டி என்னும் சொல் நம் மொழியில் காட்டிக்கொடுப்பவனையும் குறிக்கும். அப்பறவை அன்று காட்டிக்கொடுத்தது என்னை.

விலகி வந்து, உப்பைச் சேமிக்கும் கொட்டகையின் நிழலில் அமர்ந்தோம். அப்போதுதான் அவன் நெடுநாள் சுமந்திருந்த ஒன்றைக் கேட்டான்.

"மாசியில படம் புடிக்க ஒருத்தர் வந்தாரு சாமி. பூநாரைக் கூட்டத்தக் கெளப்பி விட்டா ஆயிரம் ரூபா தர்றேன்னாரு. கொல்ல வேணாம், ஒரு கல்லு எறிஞ்சாப் போதும்னாரு. அது பாவமா?"

"நீ என்ன செய்தாய்?"

"ஒரு தடவ எறிஞ்சேன். ரெண்டாந்தடவ கை வரல."

குருமடத்தில் பயின்ற அறநெறி இறையியலில் இதற்கு விடை தேடினேன். விலங்குகளிடம் கொடுமை செய்பவன் மனிதரிடமும் கொடுமை செய்யப் பழகுவான் என்பது புனித தாமஸ் அக்குவினார் தரும் காரணங்களுள் ஒன்று. உண்மைதான், ஆனால் இவ்வழக்குக்கு அது போதவில்லை. இங்கே கொடியவர் யார்? படம் எடுக்க வந்தவர் பறவைகளை நேசிப்பவர். அதற்காகவே நெடுந்தொலைவு பயணம் செய்து வந்தவர். இளைஞன் அவற்றின் பெயரையும் குரலையும் அறிந்தவன். முட்டையருகே நின்ற நானோ இறைவனைப் புகழ்ந்துகொண்டிருந்தேன். மூவரும் நேசித்தோம், அந்த நேசத்தாலேயே தீங்கு செய்தோம். வெறுப்பினால் விளையும் பாவத்தை நாம் எளிதில் அடையாளம் கண்டுகொள்கிறோம். அன்பின் பெயரால் விளைவதை அறிவதே கடினம்.

ஒவ்வொரு விலங்குக்கும் தன்னைச் சுற்றி ஓர் எல்லை உண்டு. அதற்குள் மனிதன் நுழைந்தால் அது ஓடும். ஓட வழியின்றி மேலும் நெருக்கினால் தாக்கும். சுவிட்சர்லாந்து நாட்டு விலங்கியலார் ஹைனி ஹெடிகர் 1942-இல் வெளியிட்ட நூலில் இதனை விளக்கியுள்ளார். ஆப்பிரிக்கக் காடுகளில் கள வழிகாட்டிகளாகப் பயில்வோர் யானையின் காதசைவையும் தலை நிமிர்வையும் கொண்டு அவ்வெல்லையைக் கணிக்கக் கற்கின்றனர். அவர்களுடைய திறமை விலங்கின் அருகே செல்வதில் இல்லை. அது தலை நிமிர்த்துமுன் நின்றுவிடுவதில் இருக்கிறது.

மாசியில் எறிந்த கல் எந்தப் பறவை மீதும் படவில்லை. ஆனால் பூநாரைகளோடு கொசு உள்ளான்களும் எழுந்து பறந்தன என்றான் அவன். 30 கிராம் எடையும் இல்லாத அச்சிறு பறவைகள் வடதுருவத்தை ஒட்டிய நிலங்களில் முட்டையிடுபவை. கழிகளிலும் அளங்களிலும் அவை மேய்வது, அந்நெடும் பயணத்திற்கான கொழுப்பை உடலில் சேர்ப்பதற்காக. வீணாக எழுப்பப்படும் ஒவ்வொரு முறையும் அந்தச் சேமிப்பில் சிறிது கரைந்துபோகிறது. நம் கண்ணுக்குக் களிப்பான காட்சி, அதற்கு வழிச்செலவின் இழப்பு.

இந்த அறிவு தமிழுக்குப் புதிதன்று. அகநானூற்றின் நான்காம் பாட்டில் காதலியை நாடி விரையும் தலைவன், பூவில் தேனுண்ணும் வண்டுகள் கலங்குமே என்று அஞ்சித் தேர்மணிகளின் நாவைக் கட்டிவிடுகிறான். அவன் அன்பில்லாதவன் அல்லன். அன்பின் விரைவில் இருப்பவன். அவ்விரைவிலும் பிற உயிரின் எல்லை அவன் நினைவில் இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்தின் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் மிரளக்கூடாது என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அகப்பாட்டை அவர்கள் வாழ்ந்து காட்டுகிறார்கள்.

விவிலியமும் இதனையே போதிக்கிறது. கூட்டில் முட்டையோ குஞ்சோ கண்டால் தாய்ப்பறவையைப் பிடிக்காது போகவிடுமாறு இணைச்சட்டம் கட்டளையிடுகிறது. எரியும் முட்புதரைக் காண நெருங்கிய மோசேயை ஆண்டவர் அங்கேயே நிறுத்துகிறார். அனைத்திலும் மேலாக, எல்லாம் வல்லவரே மனிதனின் கதவருகே வந்து நின்று தட்டுகிறார். உடைத்துக்கொண்டு நுழைவதில்லை என்று திருவெளிப்பாடு நமக்குச் சொல்கிறது. படைப்பின் எல்லையை மதிப்பவர் முதலில் படைத்தவரே.

இங்கே ஒரு மறுப்பு எழும். விலகிச் செல்வதுதான் அறமா? அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு மறுபக்கமாக விலகிப் போனவன் ஒரு குரு அல்லவா? அருகே சென்றவர் சமாரியர் அல்லவா? குருவாகிய நான் இவ்வினாவை எளிதில் கடந்துவிட முடியாது. பலநாள் எண்ணிப் பார்த்தபின் எனக்குத் தோன்றியது இது: சமாரியரை நகர்த்தியது காயமுற்றவனின் தேவை, குருவை விலக்கியது அவருடைய சொந்தத் தேவை. முட்டையருகே என்னை நிறுத்தியதும் என் சொந்தத் தேவையே. ஆகவே நெருங்குவது நன்றா, விலகுவது நன்றா என்று கேட்பது போதாது. என் கால்களை நகர்த்துவது யாருடைய தேவை என்று கேட்கவேண்டும். ஒரு முறை துக்க வீட்டில் கணவனை இழந்த பெண்ணின் அருகே அமர்ந்து நெடுநேரம் ஆறுதல் மொழிந்தேன். அவர் அழுவதற்குத் தனிமை கிடைக்காதா எனக் காத்திருந்ததைப் பிறகே அறிந்தேன். அன்று பேசியாக வேண்டியிருந்தது எனக்கு, அவருக்கு அன்று.

ஆயினும் இளைஞனின் வினாவில் ஆயிரம் ரூபாயும் இருந்தது. மழைக்காலத்தில் உப்பளங்களில் வேலை நின்றுவிடும். அந்த மாதங்களின் கடனை அடைக்க அத்தொகை எவ்வளவு உதவும் என்பதை அறியாதவன் கல்லைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பறவையின் எல்லையைக் காக்கும்படி ஏழையிடம் கூறி, அதன் விலையையும் அவனையே கொடுக்கச் செய்வது நீதியாகாது. 1990-களின் பிற்பகுதியில் தேக்கடியில், திருட்டுத்தனமாகக் காட்டில் மரப்பட்டை உரித்தவர்களையும் வேட்டையாடியவர்களையும் கொண்டே வழிகாட்டிக் குழுக்கள் அமைக்கப்பட்டன. அவர்களை மாற்றியது உபதேசம் மட்டுமன்று. காட்டைக் காப்பதாலேயே அவர்களுக்குக் கிடைத்த நேர்மையான ஊதியமும்தான். நிலத்தின் கூக்குரலும் ஏழையின் கூக்குரலும் இணைந்தே கேட்கப்படவேண்டும் எனத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தம் சுற்றுமடலில் வேண்டியதும் இதனால்தான்.

எனவே நான் அவனிடம் கூறியது இதுவே: "தம்பி, முதல் கல் தவறுதான். ஆனால் அதில் பெரும் பங்கு பணம் நீட்டிய கைக்கு. இரண்டாம் கல்லை எறியாமல் நின்றாயே, அங்கே நீ வழிகாட்டியாகிவிட்டாய்." அந்த இரண்டாம் கல்லை மறுத்ததனால் பேசிய தொகையில் பாதியே கிடைத்தது என்று சொல்லிச் சிரித்தான். இப்போது எங்கள் பங்கு இளையோர் அவனோடு கழுவெளிக்குச் செல்லும்போது முழுக்கூலியை முன்பே கொடுத்துவிடுகிறோம். பறவை கிட்டத்தில் தெரியவில்லை என்று யாரும் குறை கூறக்கூடாது என்பது நிபந்தனை.

கொட்டகையிலிருந்து எழுந்தபோது ஆட்காட்டியின் கூவல் நின்றிருந்தது. தொலைவில், வரப்பின் திருப்பத்தில், அது தரையிறங்கி நாலடி நடந்தது, நின்று எங்களைப் பார்த்தது, மீண்டும் நடந்தது. பின்பு சிறகை மெல்ல விரித்து முட்டைகளின் மேல் அமர்ந்தது. அவ்வளவு தூரத்தில் அதன் அலகின் சிவப்புக்கூட எனக்குத் தெரியவில்லை. அன்று நான் கண்டவற்றுள் நிறைவான காட்சி அதுவே.