பாழ்நிலத்தைப் படைப்பவன்

வேடமேற்று ஆடும் விளையாட்டு என்றொரு வகை 1974-ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் பரவியது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் நடுவர், அந்தக் கற்பனை உலகைப் படைத்து நடத்துபவர் அவரே. ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமாக அதனுள் நுழைந்து, கதவைத் திறக்கிறேன், ஒளிந்து கொள்கிறேன் என்று சொல்லிவர, ஐயமான இடங்களில் பகடை முடிவு கூற, கதை நகரும். இறுதியில் வென்றவர் என்று எவரும் இல்லை. இவ்வகையில் பேரழிவுக்குப் பிந்திய உலகம் ஒரு தனிக் கிளையாகவே வளர்ந்திருக்கிறது. 1978-இல் வந்த 'காமா வேர்ல்ட்', 1984-இல் வந்த 'ட்வைலைட் 2000' ஆகியன அதன் முன்னோடிகள்.

இத்தகைய உலகைப் படைப்பவன் முதலில் ஓர் உலகை அழித்தாக வேண்டும். கோடிக்கணக்கான மாந்தரை ஒரே வரியில் மாய்த்த பின்னரே அவனால் தன் வரைபடத்தில் கோடு இழுக்க முடியும். அந்த ஒரு வரிக்கு அறப்பொறுப்பு ஏதேனும் உண்டா?

கற்பனைதானே என்பது எளிதில் வரும் விடை. ஆனால் டைடோ என்னும் கற்பனை அரசியின் சாவுக்குக் கண்ணீர் விட்டு, தன் ஆன்மாவின் நிலைக்கு அழாதிருந்ததைப் புனித அகுஸ்தினார் பின்னாளில் எண்ணி வருந்தினார். நம் காலத்துச் சிக்கல் இதற்கு நேர்மாறானது: கோடிப் பேரின் சாவுக்கு நம் கண் கசிவதே இல்லை. மறுபுறம், புனித தோமா அக்குவினாஸ் விளையாட்டைப் பழித்தவர் அல்லர். களைத்த மனத்திற்கு அது ஓய்வு. அதிலும் ஒரு நற்பண்பு உண்டு என்றே அவர் கற்பித்தார். ஆனால் இழிந்த செயலிலோ தீங்கான சொல்லிலோ இன்பம் தேடலாகாது என எல்லை வகுத்தார். ஆகவே பாழுலகைக் கற்பனை செய்யலாமா என்று கேட்பதைவிட, அதில் நாம் துய்க்கும் இன்பம் எது என்று கேட்பதே பொருத்தம்.

அவ்வின்பத்தில் ஒரு பங்கு வெறுமையின் இன்பம். வரி இல்லை, மேலாளர் இல்லை, கடன் இல்லை, கண்டெடுத்ததெல்லாம் நமது. (அலுவலகத்தில் நாள் முழுதும் கோப்புகளோடு மல்லாடுபவருக்கு இது எத்துணை இனிக்கும்!) ஆயினும், ஒரு நிலம் வெறுமையாகத் தோன்ற வேண்டுமாயின் அங்கு வாழ்ந்தோரை யாராவது மறந்திருக்க வேண்டும்.

'ட்வைலைட் 2000' தொடங்கும் இடத்தையே பாருங்கள். போலந்தின் கலிஷ் நகருக்கு அருகில் ஓர் அமெரிக்கப் படைப்பிரிவு சிதைகிறது. எஞ்சிய வீரர்களே ஆட்டக்காரர்கள். கலிஷ் கற்பனை நகர் அன்று. 1914 ஆகஸ்டில் செருமானியப் படையினர் அதனைக் குண்டு வீசித் தீயிட்டனர். 60,000-க்கு மேல் இருந்த மக்கள்தொகை ஏறத்தாழ 5,000-ஆகச் சுருங்கியது. இரண்டாம் உலகப் போரில் அந்நகரின் யூதச் சமூகம் அறவே துடைத்தழிக்கப்பட்டது. மெய்யாகவே அழிந்து எழுந்த ஊரை மேசைமீது மீண்டும் அழிக்கிறோம். பாலம் எங்கே, எரிபொருள் எங்கே என்று மட்டும் தேடுகிறோம். ஒன்றைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது: அந்த விளையாட்டு பசியை அறியும். வண்டி ஓடவேண்டுமெனில் சாராயம் வடித்து எரிபொருளாக்க வேண்டும். உணவு தேடவும், நோயைத் தாங்கவும் அதில் விதிகள் உள்ளன. வெற்று வீரத்தை அது விற்கவில்லை.

அழிவை உண்மையில் நிகழ்த்திய ஒருவர் பாழுலகம் படைத்ததுமுண்டு. வால்டர் மில்லர் என்ற அமெரிக்கர், புனித ஆசீர்வாதப்பர் நிறுவிய மோந்தே கசினோ துறவுமடத்தை 1944 பிப்ரவரியில் தகர்த்த விமானத் தாக்குதலில் பங்கேற்றவர். பின்னர் 1947-இல் கத்தோலிக்கரானார். 1959-இல் வெளிவந்த அவரது 'லீபோவிட்சுக்காக ஒரு கீதம்' என்னும் நாவலில், அணுப்போருக்குப் பின் பாலைவனத் துறவிகள் தங்களுக்கே விளங்காத பழைய ஏடுகளைத் தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கின்றனர். அவற்றுள் ஒரு பொறியாளரின் மின்சுற்று வரைபடமும், அவர் எழுதிவைத்த கடைச் சாமான் பட்டியலும் அடங்கும்.

'காமா வேர்ல்டி'லும் இதே காட்சி வருகிறது: பண்டையோரின் கருவியொன்று அறியாதவன் கையில் கிடைக்கிறது. ஆட்டக்காரர் பகடை உருட்டி, விதிநூலின் வழிப்படத்தைத் தொடர்ந்து அதன் பயனைக் கண்டுபிடிக்க முயல்வார். தவறினால் அது அவரையே காயப்படுத்தலாம். அங்கே அது பயன்படுத்தக் கிடைத்த பொருள். துறவியின் கையிலோ அது, இன்னும் பிறவாத எவருக்கோ உரிய அடைக்கலப் பொருள். இருவருமே அறியாதவர்கள்தாம். எனினும் அப்பொருளை நோக்கும் விதத்தில் எவ்வளவு தொலைவு!

இங்கேதான் நடுவரின் பொறுப்பு தொடங்குவதாக எனக்குத் தோன்றுகிறது. மூன்று நாள் தானியமே எஞ்சிய ஊரின் வாயிலில், காய்ச்சல் கண்ட குழந்தையோடு ஒருத்தி நிற்கிறாள் என வைத்துக்கொள்வோம். கதவை அடைக்கும் ஆட்டக்காரர் மெய்யாக எவரையும் பட்டினி போட்டுவிடவில்லை. ஆனால் 'அகதிகள், இருபது பேர்' என்று அட்டவணையில் எழுதிய நடுவர், அவர் தயங்கவும் இடம் வைக்கவில்லை. அவளுக்கொரு பெயர், அவள் வந்த ஊர், அங்கே அவள் யாரைப் புதைத்தாள் என்பது, இவை இருந்தால் மேசையில் சற்றே அமைதி நிலவும். அந்த அமைதி விளையாட்டைக் கெடுக்குமா? கெடுக்கும் என்பாரும் உளர். நான் அப்படிக் கருதவில்லை.

மில்லரின் துறவிகளைப் பற்றியும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. மோந்தே கசினோவின் நூல்களும் சுவடிகளும் 1943-இன் இறுதியிலேயே லாரிகளில் உரோமைக்குக் கொண்டு செல்லப்பட்டன. மடம் மீண்டும் கட்டப்பட்டு, 1964-இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பரால் நேர்ந்தளிக்கப்பட்டது. குண்டு விழுந்த அன்று மடத்தில் அடைக்கலம் புகுந்திருந்த ஊர்மக்கள் பலரை ஏற்றிச்செல்ல லாரி எதுவும் வரவில்லை.