வீட்டுக்குப் போனவர்கள்

2013 ஜூலையில் அப்பா பிட்ஸ்பர்க் வந்திருந்தார். அம்மா போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. பென் ஹில்ஸ் பெருமாள் கோயிலுக்கு நாலு தடவை போயாகிவிட்டது, நயாகராவும் பார்த்தாகிவிட்டது. ஒரு சனிக்கிழமை அவரைக் காரில் ஏற்றி, ரூட் 22 வழியாகக் கிழக்கே இரண்டு மணி நேரம் ஓட்டி அல்டூனாவுக்குக் கூட்டிப்போனேன். என் மகன் அப்போது கல்லூரியில் இருந்தான். பேஸ்பாலை எனக்குப் பழக்கிவிட்டது அவன்தான். அவன் ஊரை விட்டுப் போன பிறகும் நான் அதை விடவில்லை.

அல்டூனா மைதானத்தின் வலது பக்க வேலியைத் தாண்டி ஒரு பழைய மர ரோலர் கோஸ்டர் தெரியும். சுற்றிலும் மலை. ரயில்வே கட்டிய ஊர் அது. மலையில் ரயில் ஏறுவதற்காக 1854-இல் குதிரை லாட வடிவத்தில் ஒரு பெரிய வளைவு போட்டார்கள். அந்த வளைவின் பெயரைத்தான் அணிக்கும் வைத்திருக்கிறார்கள்: அல்டூனா கர்வ். பிட்ஸ்பர்க் பைரேட்ஸுக்குக் கீழே இருக்கும் டபுள் ஏ அணி.

அப்பா கூட்டுறவு வங்கியில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் எங்கள் தெருவில் அவரைச் சித்தாந்த வாத்தியார் என்றுதான் சொல்வார்கள். ஞாயிறு தோறும் மாலையில் எட்டுப் பத்துப் பேருக்குச் சிவஞான போதம் பாடம் சொல்வார். பன்னிரண்டு சூத்திரங்களையும் முடிக்க மூன்று வருஷம் எடுத்துக்கொள்வார். முடிந்ததும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

"இந்தப் புள்ளைங்க யாரு பாப்பா? டிவியில காட்டுறவங்களா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. அதுக்குக் கீழே இருக்கறவங்க. மேல போகணும்னு ஆடிக்கிட்டிருக்காங்க."

படிகளைச் சொன்னேன். பதினாறு பதினேழு வயதில் டொமினிகன் குடியரசிலிருந்தும் வெனிசுவேலாவிலிருந்தும் வந்து சேரும் பையன்களுக்குத் தனியாகப் பயிற்சிக் களம் உண்டு. அதன் பிறகு முழுப் பருவமும் ஆட வேண்டிய படிகள் நான்கு: சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ. இவற்றைத் தாண்டினால்தான் மேஜர் லீக். அப்பா விரலை மடக்கி எண்ணினார்.

"நாலா? சரியை, கிரியை, யோகம், ஞானம்" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கோயிலைப் பெருக்குகிறவனையும் மூச்சை அடக்கி உட்காருகிறவனையும் ஒரே ஏணியில் வைத்துப் பார்த்துப் பழகிய கண் அவருக்கு.

அன்றைக்கு அல்டூனாவில் எல்லாரும் பார்க்க வந்தது கிரிகரி பொலாங்கோ என்ற நெட்டையான பையனை. சாந்தோ தொமிங்கோ ஊர்க்காரர். 2009-இல் சேர்ந்து நாலே வருஷத்தில் டபுள் ஏ வரை வந்துவிட்டார். அவர் பேட்டைத் தூக்கிக்கொண்டு வரும்போதெல்லாம் என் பின்வரிசையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அப்பாவின் கண் மட்டும் வேறு ஒருவன் மேல் போய் நின்றது. ஒன்பதாவதாக ஆட வந்த பையன். எந்தப் பட்டியலிலும் இல்லாதவன், அதனால் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். இரண்டு முறை அவுட் ஆனான். மூன்றாவது முறை தரையோடு ஒரு பந்தை அடித்துவிட்டு முதல் பேஸுக்கு ஓடினான். பந்து அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. போய்ச் சேர்ந்தது தெரிந்த பிறகும் அவன் வேகத்தைக் குறைக்கவில்லை, பேஸை மிதித்துத் தாண்டித்தான் நின்றான். திரும்பி வரும்போது சட்டையில் மண் இல்லை, முகத்தில் மட்டும் வியர்வை. அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிட்ஸ்பர்க்கில் வளரும் பையன்களின் பெயரை மனப்பாடமாக வைத்திருப்பது ஏன் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. பைரேட்ஸ் கடைசியாக உலகத் தொடரை வென்றது 1979-இல். 1993 முதல் 2012 வரை தொடர்ந்து இருபது பருவங்கள், வென்றதைவிடத் தோற்றதே அதிகம். அந்த இருபது வருஷத்தில் மேலே நடப்பதைப் பார்த்தால் மனசு விட்டுப்போகும். அதனால் கீழே இருக்கும் அணிகளைப் பார்த்தோம். பத்தொன்பது வயதில் பிராடென்டனில் யாராவது வேகமாகப் பந்து வீசுகிறானா, இண்டியானாபொலிஸில் யாராவது வெடித்து அடிக்கிறானா. வராத மழைக்கு வானத்தைப் பார்க்கிற மாதிரி.

நான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன். படிவாரியாகப் பெயர், வயது, சேர்ந்த வருஷம். மேலே போனால் அம்புக்குறி. அணியிலிருந்து விலக்கிவிட்டால் சிவப்பு மையில் ஒரு கோடு. அன்று இரவு சாப்பாட்டு மேசையில் கிடந்த அந்த நோட்டை அப்பா எடுத்துப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு.

"இந்த அடிச்ச பேரெல்லாம் யாரு?"

"அவங்கல்லாம் போயிட்டாங்கப்பா."

"எங்க?"

"வீட்டுக்கு."

"வீட்டுக்குப் போனவனை ஏம்மா அடிக்கிற?"

அப்பாவிடம் வீடு என்ற சொல்லைச் சும்மா சொல்லிவிட முடியாது. அறம், பொருள், இன்பம், வீடு என்று எண்ணுகிற மரபில் அது கடைசிச் சொல். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஆட்டமே வீட்டிலிருந்து கிளம்பி வீட்டுக்குத் திரும்புவதுதான். பேட்டர் நிற்கும் இடத்துக்கு ஹோம் என்று பெயர். மூன்று பேஸையும் சுற்றி அதே இடத்துக்கு வந்தால்தான் ஒரு ரன். மூன்றாவது பேஸ் வரை வந்து நின்றுபோனவனுக்குக் கணக்கில் ஒன்றுமில்லை. இதைச் சொன்னதும் அப்பாவின் முகம் மலர்ந்தது. காலையில் காபி குடிக்கும்போதும் அதையே திரும்பச் சொல்லச் சொன்னார்.

அதற்குப் பிறகு நான் யார் பெயரையும் அடிக்கவில்லை. ஆனால் அப்பாவின் கேள்வி அதோடு தீர்ந்துபோகவும் இல்லை.

ஒருவர் மேலே போவதும் ஒருவர் பாதியில் நின்றுபோவதும் ஏன் என்பதைச் சைவ சித்தாந்தம் பக்குவம் என்ற சொல்லால் விளக்கும். செம்போடு களிம்பு பிறந்ததுபோல உயிரோடு ஆணவம் ஒட்டியிருக்கிறது. வினைகள் அனுபவித்துக் கழியக் கழிய அந்த மலம் முதிர்ந்து, பிடி தளரும். அதற்கு மலபரிபாகம் என்று பெயர். அது நிகழ்ந்த உயிரின் மேல் அருள் பதியும். அது சத்திநிபாதம். அதிலும் மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என்று நான்கு நிலை. ஒருவர்மேல் மெல்லப் படியும், ஒருவர்மேல் ஒரே வீச்சில் இறங்கும். முந்தியும் வராது, பிந்தியும் வராது என்பார் அப்பா.

பால் ஸ்கீன்ஸைப் பார்த்தபோது இது எவ்வளவு உண்மை என்று தோன்றியது. 2023 ஜூலையில் புது வீரர்களுக்கான தேர்வில் நாட்டிலேயே முதல் ஆளாகப் பைரேட்ஸ் எடுத்த பிட்சர். மறு வருஷம் மே 11 அன்று மேஜர் லீக்கில் பந்து வீசிவிட்டார். பத்தே மாதம். அந்த ஜூலையில் ஆல்ஸ்டார் ஆட்டத்தில் நேஷனல் லீக் அணிக்காக முதலில் பந்து வீசியவரும் அவரே, வருஷக் கடைசியில் அந்த லீக்கின் சிறந்த புதுமுகமும் அவரே. கண்ணப்பரை நினைத்துக்கொண்டேன். காளத்தியில் ஆறே நாள் பூசை. அதே சந்நிதியில் ஆகமப்படி காலம் காலமாகப் பூசை செய்த சிவகோசரியார் மறைந்து நின்று அதைப் பார்த்தார். சேக்கிழார் சிவகோசரியாரைத் தாழ்த்தவே இல்லை. சிறு வயதில் கதை கேட்டபோது எனக்குக் கண்ணப்பர்தான் எல்லாம். இப்போது அப்படி மறைந்து நின்றவரின் நெஞ்சில் என்ன ஓடியிருக்கும் என்றுதான் யோசிக்கிறேன்.

இதே பைரேட்ஸ்தான் 2008 நவம்பரில் ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு உத்தரப் பிரதேசப் பையன்களைச் சேர்த்துக்கொண்டது. ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர்கள். இந்தியாவில் நடந்த ஒரு வேகப் பந்து வீச்சுப் போட்டியில் தேறி, அதற்கு முன் பேஸ்பாலையே கையில் பிடிக்காதவர்கள் இங்கே வந்தார்கள். படேலை 2010-இல் விலக்கிவிட்டார்கள். ரிங்கு சிங் தாக்குப்பிடித்து, 2012-இல் மேற்கு வர்ஜீனியாவின் சார்ல்ஸ்டனில் சிங்கிள் ஏ வரை ஆடினார். நான் ஒருமுறை அங்கே ஓட்டிக்கொண்டு போனேன். அன்று அவரைப் பந்து வீச அழைக்கவில்லை. வேலியோரம் மற்ற பிட்சர்களோடு உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான் பார்த்தேன். அதன்பின் முழங்கையில் காயம், அறுவை சிகிச்சை, ஆடாத வருஷங்கள். பிறகு அவர் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போய்விட்டார். அவர்களைப் பற்றி எடுத்த திரைப்படம் ஒப்பந்தம் கிடைக்கும் இடத்தோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு வந்த வருஷங்கள்தான் எனக்கு முக்கியம்.

பக்குவம் வரவில்லை என்று இவர்களைச் சொல்லிவிடலாமா? அப்பாவிடம் அப்போதே தொலைபேசியில் கேட்டிருந்தேன். பழுத்தது விழுந்தால் சரி, காற்றில் உதிர்ந்த பிஞ்சுக்கு என்ன கணக்கு?

"சித்தாந்தத்துல உதிர்ந்த பிஞ்சு கிடையாது. இன்னொரு பிறவி இருக்கு. விட்ட இடத்துலேருந்து தொடரலாம்" என்றார்.

"இங்க ஒரு உடம்புதாம்ப்பா. இருபத்தாறு வயசுல முழங்கை போனா முடிஞ்சுது."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னது இது. சரியையில் நின்றவனுக்குச் சாலோகம், இறைவன் உலகத்தில் இருக்கிற பேறு. கிரியையில் நின்றவனுக்குச் சாமீபம், பக்கத்தில் இருக்கிற பேறு. யோகத்துக்குச் சாரூபம். முடிவான வீடு ஞானத்துக்குத்தான், ஆனாலும் எந்தப் படியும் வெறுங்கையோடு அனுப்பாது.

இதை நான் பாதிதான் ஏற்றுக்கொள்கிறேன். 2023-க்கு முன்னால் சிங்கிள் ஏ ஆட்டக்காரனுக்கு வருஷத்துக்குச் சுமார் 11,000 டாலர்தான் சம்பளம். சங்கம் வைத்துப் பேசிய பிறகுதான் அது 26,200 ஆனது. மேஜர் லீக்கில் அதே வருஷம் குறைந்தபட்சமே 7,20,000. நாலு பேர் ஒரு அறையில் காற்று மெத்தையில் படுத்துக் கிடந்த பையனிடம் போய், உனக்குச் சாலோகம் கிடைத்தது என்று சொல்ல எனக்கு வாய் வராது. பசியைப் பேறு என்று சொல்லக் கூடாது.

நான் ஏற்றுக்கொள்ளும் பாதி வேறு. தேர்வு வேறு, அருள் வேறு. மேஜர் லீக் அணியில் 26 இடம். ஒருவன் உள்ளே வந்தால் ஒருவன் வெளியே போக வேண்டும். தேர்வுக்கு இடக் கணக்கு உண்டு. அருளுக்கு அந்தக் கணக்கு கிடையாது என்பதுதான் அப்பா வாழ்நாள் முழுக்கச் சொன்ன பாடம். நாங்கள் ரசிகர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். தேர்வாளர்கள் பையன்களுக்கு 20 முதல் 80 வரை எண் போடுவார்கள்: ஓட்டத்துக்கு ஒன்று, கைக்கு ஒன்று, அடிக்கு ஒன்று. 50 என்றால் சராசரி. அது அவர்கள் பிழைப்பு, குற்றமில்லை. ஆனால் 40 என்று எழுதியிருக்கும் பையனை நாமும் 40 ஆகவே பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். இனி என்ன ஆவான் என்று மட்டுமே ஒருவனைப் பார்த்தால், இப்போது கண்ணெதிரே ஓடுகிறவனை நாம் பார்க்கவே இல்லை.

இதை நான் வீட்டில் செய்திருக்கிறேன். பதினாலு வயதில் பள்ளி அணியில் மகனுக்கு இடம் கிடைக்கவில்லை. பட்டியலில் பெயர் இல்லாமல் வந்து காரில் ஏறினான். "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றேன். அன்றைக்கு அவன் எப்படி ஆடினான் என்று நான் கேட்கவில்லை. அந்த அடுத்த வருஷம் அவனுக்கு வேண்டாமாக இருந்தது. இருபது நிமிஷம் ஓட்டி வீட்டுக்கு வந்தோம், அவன் கையுறையை மடியிலேயே வைத்திருந்தான்.

பொலாங்கோ 2014 ஜூனில் மேலே போனார். அந்த முதல் வாரத்தில் நகரமே அவர் பெயரைச் சொன்னது. பிறகு தோள்பட்டைக் காயம் வந்தது, 2021-இல் அணியை விட்டுப் போனார், ஜப்பானில் போய் ஆடினார். அப்பா அவரைப் பற்றி ஒருமுறைகூட விசாரித்ததில்லை. 2018 பொங்கலன்று பேசும்போது, "அந்த ஒன்பதாவது ஆளா வந்தானே, அந்தப் புள்ள என்ன ஆனான்?" என்று கேட்டார். தேடிப் பார்த்துவிட்டு மறுநாள் சொன்னேன்: ஆட்டத்தை விட்டாச்சு, சொந்த ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். "ஓட்டத்தையும் சொல்லிக்கொடுக்கிறானா?" என்றார். அடுத்த வருஷம் அப்பா போய்விட்டார்.

2023 ஏப்ரலில் அவரிடம் சொல்ல ஒரு செய்தி இருந்தது. டுரூ மேகி. 2010-இல் பதினைந்தாவது சுற்றில் பைரேட்ஸ் எடுத்த பையன். பதின்மூன்று பருவங்கள் மைனர் லீக்கில், ஆயிரத்து நூறு ஆட்டங்களுக்கு மேல், பல அணிகள். 2021 செப்டம்பரில் மினசோட்டா ட்வின்ஸ் மேலே அழைத்தது. சீருடை போட்டு உட்கார்ந்திருந்தார், ஆடக் கூப்பிடாமலேயே கீழே அனுப்பிவிட்டார்கள். அப்படிப்பட்டவர்களைப் பேஸ்பாலில் ஆவி என்பார்கள். பட்டியலில் பெயர் உண்டு, களத்தில் காலடி இல்லை. மறுபடி சுற்றிச் சுற்றிப் பைரேட்ஸுக்கே வந்து, 33 வயதில் அல்டூனாவில் தன்னைவிடப் பத்து வயது சின்னவர்களோடு ஆடிக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது.

ஏப்ரல் 26, டாட்ஜர்ஸுக்கு எதிரான ஆட்டம். எனக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இரவுப் பணி. சென்ட்ரிஃபியூஜில் குழாய்களை வைத்துச் சுழலவிட்டு, ரேடியோவை மெல்ல வைத்திருந்தேன். எட்டாவது இன்னிங்ஸில் ஆண்ட்ரூ மக்கச்சனுக்குப் பதிலாக அவரை அனுப்பினார்கள். அவர் பெயரைச் சொன்னதும் எழுந்த சத்தத்தில் வர்ணனையாளர் பேச்சை நிறுத்திவிட்டார் என்றே எனக்குத் தோன்றியது. அவரை முன்பின் பார்த்திராதவர்கள்தான் அதில் பெரும்பாலும் இருந்திருப்பார்கள். என்ன ஆவார் என்று அவரிடம் எதிர்பார்க்க யாருக்கும் ஒன்றுமில்லை. வந்து நின்றார், அதற்காக எழுந்து நின்றார்கள்.

ஸ்டிரைக் அவுட்.

சென்ட்ரிஃபியூஜ் நின்று மணி அடித்தது. குழாய்களை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பையில் நோட்டு இருந்தது. அவர் பெயர் இருந்த பக்கத்தைத் திருப்பித் தேதியை எழுதினேன். மூன்று நாள் கழித்து வாஷிங்டனில் அவர் முதல் ஹிட் அடித்தபோது அதே வரியில் அதையும் எழுத இடம் இருந்தது.