கழிப்பதும் காப்பதும்

பருத்தி எடுத்து முடிந்ததும் கரிசல் உழவன் மாரைப் பிடுங்கி அகற்றுகிறான். விதைக்கென்று ஒதுக்கிய கம்பையும் உளுந்தையும் தொடமாட்டான். மாரை நிற்கவிட்டால் அடுத்த வெள்ளாமையைப் புழு தாக்கும். விதையைத் தின்றுவிட்டால் அடுத்த வெள்ளாமையே இராது. கடம்பூர் வட்டாரத்தில் சிறுவரும் அறிந்த இவ்வேறுபாட்டைக் கணினியின் முன் அமர்ந்ததும் நாம் மறந்துவிடுகிறோம்.

கோவில்பட்டியிலும் சிவகாசியிலும் தீப்பெட்டி லேபிள்களை இன்று கணினியில்தான் வரைகிறார்கள். 'மேகக் கணிமை' எனப்படும் முறையில், வரைந்ததைச் சேமிக்கும்போதெல்லாம் அதன் முன்வடிவும் தொலைவிலுள்ள இயந்திரத்தில் தங்கிவிடுகிறது. 2021 டிசம்பர் 1 முதல் தீப்பெட்டியின் விலை 1 ரூபாயிலிருந்து 2 ரூபாயானது. அச்சிட்ட விலையும் மாறவேண்டியிருந்தது. இப்படிச் சேரும் பழைய வடிவங்களுள் எவற்றை அழிக்கலாம்? இது வெறும் துப்புரவுப் பணியன்று. அறத்தைப் பற்றிய வினா என்பதே நம் எண்ணம்.

அனைத்தையும் சேர்த்துவைப்பது நற்பண்பாகாது. அந்த 'மேகம்' வானில் இல்லை. மின்சாரத்தை உண்டு, குளிரூட்டப்பட்ட கூடங்களில் இருக்கிறது. 2024-இல் உலக மின் நுகர்வில் ஏறத்தாழ 1.5 விழுக்காடு இத்தகைய தரவு மையங்களுக்கே சென்றது. பழைய வடிவம் தவறுதலாக அச்சுக்குப் போனால் தாளும் உழைப்பும் வீணாகும்.

ஆயினும் தூய்மை செய்யும் ஆர்வத்திற்கும் கண் வேண்டும். நமக்கு வடமேற்கே, சங்கரன்கோவிலை அடுத்த கரிவலம்வந்தநல்லூரில், பழைய ஏட்டுச்சுவடிகளை நெய்யில் தோய்த்து நெருப்பிலிட்ட செய்தியை உ.வே.சாமிநாதையர் தம் 'என் சரித்திர'த்தில் வேதனையுடன் பதிவு செய்துள்ளார். எரித்தவர்கள் தீயவர்கள் அல்லர். சாத்திரப்படி கடமை செய்வதாகவே எண்ணினர். கிறிஸ்தவ உலகமும் இதற்கு விலக்கன்று. 1229-இல் ஒருவர் ஆர்க்கிமிடீசின் நூலைக் கொண்டிருந்த தோலேடுகளைச் சுரண்டி, அவற்றின்மேல் செபநூல் எழுதினார். அடியில் மறைந்த எழுத்தை அறிஞர் ஹைபர்க் 1906-இல்தான் அடையாளம் கண்டார். நல்ல நோக்கம் மட்டும் போதாது என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

எனவே அழிக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்போம். முதலாவது, இதன்மேல் வேறு ஏதேனும் நிற்கிறதா? இயந்திர வரைபடங்களில் ஓர் உறுப்பின் குறிப்பிட்ட முன்வடிவை முழு அமைப்பும் சார்ந்திருக்கக்கூடும். அடிக்கல்லைப் பெயர்த்தால் சுவரும் சரியும். இரண்டாவது, இது உலகிற்குச் சென்றுவிட்டதா? அச்சாகி விற்பனையான வடிவத்திற்கு நாம் பொறுப்புக் கூறியாக வேண்டும். மூன்றாவது, இதில் பிறர் உழைப்பு உண்டா? கூலிக்கு வரையும் இளைஞன் ஒருவனுக்கு, 'இது என் கை வேலை' என்று காட்ட அந்த முதல் வடிவம் ஒன்றே ஆதாரமாக இருக்கலாம். அதை அவனறியாது அழிப்பது அவன் உழைப்பைக் களவாடுவதற்கு ஒப்பாகும்.

இவற்றினும் நுட்பமானது மனத்தின் நோக்கம். நம் பிழையின் தடத்தை அழித்துவிட்டுப் பழியை மற்றவர்மீது சுமத்தும் அழிப்பு, பொய்யேயாகும். புனித அகுஸ்தினார் தம் முதுமையில் தம் பழைய நூல்களையெல்லாம் மீண்டும் ஆய்ந்தார். அவற்றை எரிக்கவில்லை, எங்கெங்கே தவறினார் என்பதைத் தனி நூலாகவே எழுதிவைத்தார். திருந்துதல் என்பது தடத்தை மறைப்பதன்று.

மூன்று கேள்விகளுக்கும் 'இல்லை' என்றே விடை வந்து, மனமும் கள்ளமற்றிருந்தால் தயங்காமல் அழிக்கலாம். அது மாரைப் பிடுங்குவதே. ஐயம் எழுந்தால், அவ்வடிவத்தை நம்பியிருப்பவரிடம் முதலில் ஒரு சொல் கேட்போம். அழித்தபின் கேட்கும் மன்னிப்பு அழிந்ததை மீட்டுத் தராது.