கூண்டுக்கு முன் ஒரு சங்கல்பம்



கோயிலில் அர்ச்சனை தொடங்கும் முன் குருக்கள் நம்மிடம் பெயர், நட்சத்திரம் கேட்பார். இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்னார், இன்ன காரணத்துக்காக இதைச் செய்கிறார் என்று சொல்லிவிட்டுத்தான் பூவை எடுப்பார். இதற்குப் பெயர் சங்கல்பம். யார் செய்வது, எப்போது செய்வது என்று தெளிவாகச் சொல்லாமல் எந்த நல்ல காரியமும் தொடங்குவதில்லை. வீட்டுக்கு முதன்முதலாக ஒரு பறவையைக் கொண்டு வரும்போதும் அப்படி ஒரு சங்கல்பம் வேண்டும். இந்த மாதம் நான் சொல்ல வந்தது இதுதான்.

"பறவை வளர்க்கிறதுக்கெல்லாம் சமயக் கட்டுரையா?" என்று சிலர் சிரிக்கலாம். நம்ம சாமிகளைக் கொஞ்சம் பாருங்கள். பிரிஞ்சாங்கில் இருக்கும் தெண்டாயுதபாணி கோயிலுக்குப் போனால், முருகனோடு மயிலையும் சேவலையும் சேர்த்துத்தான் கும்பிடுகிறோம். மதுரை மீனாட்சி கையில் கிளி. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் இடது கையிலும் கிளி. அந்தக் கிளியை இலைகளால் தினமும் புதிதாகச் செய்து வைக்கிறார்கள். கவனித்தீர்களா? தெய்வத்தின் கையில் இருக்கும் கிளிக்குக் கூண்டும் இல்லை, காலில் சங்கிலியும் இல்லை.

எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு நிஜமாகவே வந்தது. எங்கள் வீடு லெம்பா பெர்த்தாமில். அப்பா காய்கறி லோரி ஓட்டுகிறார். ராத்திரி மலையிறங்கினால் விடிந்துதான் திரும்புவார். அம்மாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. தம்பிக்கும் தங்கச்சிக்கும் பள்ளி, பிறகு டியூஷன். நான் பொறியியல் படிக்கிறேன், விடுமுறைக்குத்தான் மலையேறுவேன். பகலில் வீட்டில் இருப்பது பாட்டி மட்டும். ஆறு பேர் உள்ள வீடுதான், ஆனால் ஆறு பேரும் ஒன்றாகச் சாப்பிடுவது தீபாவளிக்கு மட்டுமே.

அப்பாவின் நண்பர் ஒருவர் வீடு மாறிப் போனார். அவர் வளர்த்த ஒரு ஜோடி பட்ஜிக்குப் புது இடத்தில் வசதியில்லை. நம்மில் பலர் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்கிறோமே, அந்தச் சின்னக் கிளிதான். தங்கச்சி ஒற்றைக் காலில் நின்றாள். பாட்டி ஒரே வார்த்தையில் மறுத்தார்: "கூண்டுல அடைச்சு வச்சா பாவம்டி."

பாட்டி சொன்னது லேசான பேச்சு இல்லை. சைவ சித்தாந்த வகுப்பில் பதி, பசு, பாசம் என்று படிக்கிறோம். பதி இறைவன், பசு உயிர், பாசம் உயிரைக் கட்டியிருக்கும் கயிறு. அதே 'பாசம்' என்ற சொல்லைத்தான் அன்புக்கும் வைத்திருக்கிறோம். "எனக்குக் குருவின்னா ரொம்பப் பாசம்" என்று சொல்லும்போது, நாம் அதை நேசிக்கிறோமா, கட்டிப் போடுகிறோமா? இரண்டுக்கும் நடுவில் மயிரிழைதான் இடைவெளி.

பாட்டியின் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இது. காட்டில் பறக்கும் பறவையைப் பிடித்து அடைப்பது பாவம், அதில் சந்தேகமே வேண்டாம். முராய் பத்து நல்லா பாடுது, பச்சைக்கிளி அழகா பேசுது என்று காட்டுப் பறவையை வலை போட்டுப் பிடிக்கிறவரிடம் நாம் காசு கொடுத்தால், அந்த வலையில் நம் கையும் இருக்கிறது. நம் நாட்டில் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதில் பாதுகாக்கப்பட்ட பறவைகளைப் பெர்ஹிலித்தான் உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். எந்தப் பறவையானாலும் வாங்குமுன் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்ஜியின் கதை வேறு. ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதிதான் அதன் சொந்த ஊர். கடைகளில் இருப்பவை தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்தவை. "திறந்து விட்டா புண்ணியம்" என்று நம் மலையில் பறக்கவிட்டால், குளிரும் பசியும் பருந்தும் சில நாளில் கணக்கை முடித்துவிடும். அதன் சுதந்திரம் அது பிறக்கும் முன்பே போய்விட்டது. ஏற்கெனவே பிறந்து, வைத்துக்கொள்ள ஆளில்லாமல் நிற்கும் பறவைக்கு நாம் செய்ய வேண்டியது நல்ல பராமரிப்பு. அதனால்தான், முடிந்தால் கடையில் புதிதாக வாங்காமல், வளர்க்க முடியாமல் தவிக்கும் வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

அந்தப் பராமரிப்பின் விலை என்ன? சிபிச் சக்கரவர்த்தி கதை எல்லாருக்கும் தெரியும். சோழர்கள் தங்கள் முன்னோர் என்று பெருமையோடு சொல்லிக்கொண்டவர். புறா அடைக்கலம் என்று வந்து மடியில் விழுந்தது. பருந்து தன் இரையைக் கேட்டது. சிபி புறாவைத் தடவிக் கொடுத்து, "ஐயோ பாவம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. தராசைக் கொண்டு வரச் சொன்னார். ஒரு தட்டில் புறா, மறு தட்டில் தன் சதை. எவ்வளவு அறுத்து வைத்தும் புறாவின் தட்டு எழவில்லை. கடைசியில் தானே தட்டில் ஏறி உட்கார்ந்தார். அடைக்கலம் கொடுத்தால் நம்மிடம் இருப்பதிலிருந்து எடுத்து வைக்க வேண்டும். இந்தக் காலத்தில் நாம் தட்டில் வைக்க வேண்டிய சதை, நேரம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பட்ஜி பொதுவாக 5 முதல் 10 ஆண்டு வாழும். தங்கச்சிக்கு இப்போது 15 வயது. பறவைக்கு வயதாகும்போது அவள் எங்கோ பல்கலைக்கழகத்தில் இருப்பாள். "நான் பார்த்துக்கிறேன்" என்று ஒரு ஆள் சொல்வது போதாது. ஒரே தூணில் முழு பாரத்தையும் நிறுத்தும் கட்டடத்தை எந்தப் பொறியாளரும் ஏற்கமாட்டார்.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில் இருந்தபோது எல்லாரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். காலை ஐந்தரைக்குத் திரையை எடுத்துத் தண்ணீர் மாற்றுவது அம்மா. பகலில் கீரை வைப்பதும் பேச்சுக் கொடுப்பதும் பாட்டி. மாலையில் ஜன்னலைச் சாத்திவிட்டு ஒரு மணி நேரம் அறைக்குள் பறக்கவிடுவது தங்கச்சி. இரவு ஏழரைக்குத் திரை போடுவது தம்பி. ஞாயிறு கூண்டு கழுவுவது அப்பா. விடுமுறையில் வந்து ஜன்னலுக்கு வலை அடிப்பதும் குச்சிகளை மாற்றுவதும் நான். எங்கள் வீட்டுச் சங்கல்பம் அந்தத் தாள்தான். எழுதி முடித்ததும் பாட்டி, "சரி, கொண்டாங்க" என்றார்.

மனசு மட்டும் இருந்தால் போதுமா? பேகன் மயிலுக்குக் குளிரும் என்று தன் போர்வையைப் போர்த்தினான். அந்த இரக்கத்தைத் தமிழ் இன்றுவரை கொண்டாடுகிறது. நாம் அந்த இரக்கத்தோடு கொஞ்சம் அறிவையும் சேர்க்க வேண்டும். நம் மலையில் ராத்திரிக் குளிர் இருக்கிறது. கூண்டைக் காற்று நேராக அடிக்கும் ஜன்னலோரம் வைக்காதீர்கள். மூன்று பக்கம் துணி போட்டு, ஒரு பக்கம் மூச்சுக்கு விடுங்கள். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் அதற்கு இருட்டும் அமைதியும் வேண்டும். பதினொரு மணி வரை டிவி ஓடும் ஹால் அதற்கு ஆகாது. வெறும் தினை மட்டும் போட்டால் சத்துக் குறையும், கீரையும் கேரட்டும் கொடுங்கள். அவகாடோ, சாக்லேட், காப்பி, வெங்காயம் கூடவே கூடாது. பறவை தன் நோயை மறைக்கும். இறகை உப்பிக்கொண்டு கூண்டின் அடியில் உட்கார்ந்தால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். பறவை பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் எங்கே இருக்கிறார் என்று முதல் நாளே விசாரித்து வையுங்கள்.

ஒரு விஷயம் எங்கள் பூஜை அறையையே தொட்டது. பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடும், கூடவே காற்றுப் பைகளும் உண்டு. பறப்பதற்கு வேண்டிய உயிர்க்காற்றை அது நம்மைவிட நன்றாக இழுத்துக்கொள்ளும். விஷத்தையும் அப்படியே இழுக்கும். பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சு வாயுவைக் கண்டுபிடிக்க 1986 வரை கேனரிக் குருவிகளை வைத்திருந்தது இதனால்தான். ஒட்டாத பூச்சுப் பூசிய சட்டி அடுப்பில் அளவு மீறிச் சூடானால், அந்தப் புகையே பறவையைக் கொன்றுவிடும். ஊதுபத்தி, சாம்பிராணிப் புகையும் அதற்கு நல்லதில்லை.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடாமல் இருந்ததே கிடையாது. கூண்டைப் பின்னறைக்கு மாற்றி, கதவைச் சாத்தி, சாம்பிராணியைக் குறைத்து வாசல் பக்கம் போடலாம் என்றேன். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "சாமியைவிடக் குருவி பெருசாப் போச்சா?" என்றார். பதில் சொன்னது பாட்டி: "சாமிக்கு மூச்சு முட்டாது. குருவிக்கு முட்டும்."

நான் படித்த எந்தச் சமய நூலிலும் இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஐந்து வேள்விகளில் தெய்வத்துக்கு ஒன்று, முன்னோருக்கு ஒன்று என்பதுபோல மற்ற உயிர்களுக்கும் ஒன்று உண்டு. அதுதான் பூத யக்ஞம். காக்காவுக்கு ஒரு பிடி சோறு வைத்துவிட்டுச் சாப்பிடும் நம் பாட்டிகள் பெயர் தெரியாமலே அதைச் செய்து வந்தார்கள். ஒரு வேள்விக்காக இன்னொரு வேள்வி கொஞ்சம் இடம் விட்டுக் கொடுத்தால் சாமி கோபிக்கமாட்டார்.

திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்குப் போகிறவர்கள் அங்கே லட்சுமி என்ற பசுவின் சமாதியைப் பார்க்கலாம். பக்கத்தில் ஒரு மானுக்கும் ஒரு நாய்க்கும் ஒரு காகத்துக்கும் சமாதி உண்டு. ஞானியின் கண்ணில் காகமும் வீட்டு ஆள்தான்.

ஆகவே தம்பி தங்கைகளே, பறவை வளர்க்க ஆசையிருந்தால் கடைக்குப் போகுமுன் வீட்டில் எல்லாரையும் உட்கார வையுங்கள். ஒரு தாளில் பெயரும் நேரமும் எழுதுங்கள். எல்லாக் கட்டமும் நிரம்பினால் தாராளமாகக் கொண்டு வாருங்கள். கூட்டமாக வாழும் பறவை என்பதால், எல்லாரும் வேலைக்குப் போகும் வீட்டில் ஒன்றைத் தனியாக விடாமல் இரண்டாக வையுங்கள். குஞ்சு பொரிக்கப் பெட்டி மட்டும் வைக்காதீர்கள்.

கட்டம் நிரம்பவில்லையா? அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வாசலில் ஒரு மண் சட்டியில் தண்ணீர் வையுங்கள், தினமும் கழுவி மாற்றுங்கள். கூண்டே இல்லாமல் எத்தனையோ பறவைகள் உங்கள் வீட்டுக்கு வந்து போகும். அதுவும் பூத யக்ஞம்தான். முருகன் அருள் அந்த வாசலுக்கும் உண்டு.