கேட்ட உரிமமும் கைவிட்ட ஆயுதமும்

புதிதாக ஓர் ஊரில் குடியேறியவனை அவ்வூர் இன்னும் அறிந்திருப்பதில்லை. அவனும் அதனை முழுமையாக அறிந்திருப்பதில்லை. அந்நிலையில் அவன் உயிருக்கும் குடும்பத்துக்கும் ஆபத்து நேர்ந்தால், துப்பாக்கியுடன் வெளியே செல்ல அரசிடம் உரிமம் கேட்பது முறையா? சட்டத்தைப் புரட்டினால் ஒரு விடை கிடைக்கும். ஆனால் மனச்சான்றும் தன் விடையைச் சொல்லியாக வேண்டும். அறவழிப் போராட்டத்தின் அடையாளமாக உலகம் போற்றும் ஒருவர் வாழ்விலேயே இக்கேள்வி எழுந்தது.

அமெரிக்காவின் அட்லாண்டாவில் பிறந்து பாஸ்டனில் உயர்கல்வி பெற்ற மார்ட்டின் லூதர் கிங், 1954-இல் அலபாமா மாநிலத்தின் மாண்ட்கமரி நகருக்குப் பாப்டிஸ்ட் சபைப் போதகராக வந்தார். 1955 டிசம்பரில், பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானார். கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணித்தனர். அப்போராட்டத்தின் தலைமை, ஊருக்குப் புதியவரான அந்த 26 வயது இளைஞரிடம் வந்து சேர்ந்தது.

1956 ஜனவரி 30 இரவு, அவர் கூட்டமொன்றில் இருந்த வேளையில், அவருடைய வீட்டு முகப்பில் குண்டு வெடித்தது. மனைவி கொரெட்டாவும், பிறந்து மூன்று மாதங்கூட நிறையாத பெண் குழந்தையும் உயிர் தப்பினர். ஆயுதங்களுடன் திரண்டு கொதித்து நின்ற மக்களைக் கிங் அமைதிப்படுத்தி வீட்டுக்கு அனுப்பினார். ஆயினும், நண்பர்கள் வற்புறுத்த, காரில் துப்பாக்கி எடுத்துச் செல்ல உரிமம் கோரி ஷெரீப் அலுவலகத்தில் அவரே விண்ணப்பித்தார். உரிமம் மறுக்கப்பட்டது.

அவர் விண்ணப்பித்தது தவறா? தவறென்று நாம் எளிதில் தீர்ப்பிட முடியாது. தன்னைக் காத்துக்கொள்ளும் செயல் இருவகை விளைவு உடையது என்றும், தாக்குபவனின் சாவை நாடாமல், தேவைக்கு மிஞ்சாத வலிமையால் தன்னுயிரைக் காப்பது தகும் என்றும் புனித தாமஸ் அக்குவினாஸ் விளக்குகிறார். 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி இன்னும் ஒரு படி மேலே செல்கிறது: பிறர் உயிருக்குப் பொறுப்பானவருக்குத் தற்காப்பு உரிமை மட்டுமன்று, கனத்த கடமையாகவும் ஆகலாம். தொட்டிலில் குழந்தை உறங்கும் வீட்டின் தலைவன் அக்கடமையை எப்படி மறப்பான்?

அவ்வாறெனில் மறுத்த அலுவலகம் செய்ததே அநீதி. வீட்டின்மீது குண்டு வீசப்பட்டவரைவிட ஆபத்து மிகுந்தவர் அந்நகரில் யார் இருந்திருக்க முடியும்? யார் தகுதியுடையவர் என்பதை அதிகாரியின் விருப்பத்துக்கு விட்டுவிட்டால், அவர் நெஞ்சில் உறையும் இன வெறுப்பே சட்டமாகிவிடுகிறது.

ஆயினும் கிங்கின் வரலாறு அம்மறுப்போடு முடியவில்லை. உரிமம் கிடைக்காவிட்டாலும் வீட்டில் துப்பாக்கி இருந்தது. வன்முறையற்ற இயக்கத்தை வழிநடத்தும் நான், என் காவலுக்கு மட்டும் வன்முறைக் கருவியை எவ்வாறு நம்புவது என்ற வினா அவரைக் குடைந்தது. கொரெட்டாவுடன் கலந்து பேசினார். இருவரும் ஒருமனமாக அந்த ஆயுதத்தை விலக்கினர். துப்பாக்கி வீட்டில் இருந்தபோதுதான் தமக்கு அச்சம் மிகுந்திருந்தது என்றும் அவர் பின்னர் கூறினார்.

இங்கே நாம் கூர்ந்து நோக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. அலுவலகம் மறுத்ததனால் ஒருவன் ஆயுதமின்றி இருப்பது புண்ணியமாகாது. அது அவன்மீது சுமத்தப்பட்ட நிலை. வைத்திருக்கும் உரிமையை உணர்ந்தே ஒருவன் அதனைக் கைவிடும்போதுதான் அது அறமாகிறது. அவ்வறமும் தன் உயிரை மட்டுமே தாராளமாக ஈயலாம். மனைவி மக்களின் உயிரை அவர்கள் இசைவின்றிப் பணயம் வைக்கலாகாது. அதனால்தான் கொரெட்டாவின் சம்மதம் இங்கே சிறிய செய்தியன்று. வீட்டைச் சுற்றி ஒளிவிளக்குகள் பொருத்தப்பட்டன. ஆயுதமற்ற காவலர்கள் இரவும் பகலும் நின்றனர். நகரில் தனியே செல்வதில்லை என்று அவர் நண்பர்களுக்கு வாக்களித்தார். துப்பாக்கியைக் கைவிட்டாரேயன்றிக் கடமையைக் கைவிடவில்லை.

1968 ஏப்ரல் 4 அன்று மெம்பிஸ் நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டாரே, அவர் எடுத்த முடிவு தோற்றதன்றோ எனச் சிலர் கேட்கலாம். நீண்ட ஆயுளுக்கு உறுதி தேடி அவர் அம்முடிவை எடுக்கவில்லை; சொல்லும் வாழ்வும் ஒன்றாயிருக்கவே எடுத்தார். அதனை அந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும்.

2022-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நியூயார்க் மாநில வழக்கொன்றில், பொது இடத்தில் கைத்துப்பாக்கி கொண்டுசெல்லத் தனிப்பட்ட தேவை இருப்பதாகக் குடிமகன் மெய்ப்பிக்கத் தேவையில்லை என்று தீர்ப்பளித்தது. அதிகாரியின் தன்விருப்பம் சுருங்கியது நன்றே. ஆனால் முன்பு அவர் கேட்ட கேள்வியை இனி விண்ணப்பிப்பவரே தம்மிடம் கேட்டாக வேண்டும்: நான் காக்க விரும்புவது யாரை? என் அச்சத்துக்கு மெய்யான காரணம் உண்டா, அல்லது இவ்வூர் மனிதரை நான் இன்னும் அறியாததுதான் காரணமா? கதவைத் தட்டி அயலாரை அறிந்துகொள்ளும் முயற்சியை விண்ணப்பத்துக்கு முன் நான் செய்தேனா? இக்கேள்விகளுக்கு நேர்மையாக விடை தேடியபின் ஒருவர் உரிமம் பெற்றாலும், வேண்டாமென விட்டாலும், அம்முடிவு அச்சத்தினுடையதாக இராது, அவருடையதாகவே இருக்கும்.